ஒற்றையடிப் பாதையில் ஈருருளி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

   

ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் வள்ளுவரையோ கம்பரையோ துணைக்கு அழைத்துக்கொள்வது நம் சங்கத்தின் நெடுநாள் வழக்கம். அந்தத் தகுதி நமக்கு இல்லை. பத்தாம் வகுப்புத் தேறிய கையோடு ரயில்வேயில் புகுந்து, பேரேடும் பட்டியலும் எழுதிப் பழகிய கை இது. ஆகவே, இலக்கியத்தைப் புலவர் பெருமக்களுக்கு விட்டுவிட்டு, நம் காலனியில் சில மாதங்களாக வீட்டுக்கு வீடு வாக்குவாதமாக இருந்துவரும் ஒரு செய்தியை எடுத்துக்கொண்டோம். மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுவது பற்றித்தான் பேசப் போகிறோம்.

எதனால் இவ்வாக்குவாதம் எழுந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். நம் பிள்ளைகள் எட்டுப் பேர், அவர்களுள் இருவர் பெண்கள், ஞாயிறுதோறும் விதுரைப் பக்கம் போய் மேட்டுப் பாதைகளில் சைக்கிள் பழகிவருகிறார்கள். சென்ற மழைக்காலத்தில் ஒரு பையன் விழுந்து தோள்பட்டைக் காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கையைத் தொட்டிலிட்டுக் கொண்டு திரிந்தான். அதன் பின் நடந்த பொதுக்குழுவில், சங்கத்தின் பெயரால் இனி இவ்விளையாட்டு கூடாது என்று ஒரு சாரார் கூறினர். பையன்கள் போகட்டும், பெண்பிள்ளைகள் போகலாகாது என்று வேறொரு சாரார் கூறினர். செயற்குழு வரும் மாதம் முடிவு செய்யவிருக்கிறது. அம்முடிவிற்கு முன்னர் உள்ளதை உள்ளபடி எடுத்து வைப்பது கடமை என்று எண்ணியே இம்மேடை ஏறினோம்.

முதலில் இவ்விளையாட்டின் பிறப்பைச் சிறிது பார்ப்போம். அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாவில் மரின் என்றொரு மாவட்டம் இருக்கிறது. அங்கே டமல்பையஸ் என்னும் மலை. 1970-களில் சில வாலிபர்கள் பழைய இரும்புச் சாமான் கடைகளிலே கிடந்த பருத்த டயர் சைக்கிள்களைத் தேடி எடுத்து, அம்மலைச் சரிவில் உருட்டிக்கொண்டு இறங்கினர். 1976-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அவர்களுக்குள்ளேயே ஒரு பந்தயம் வைத்தனர். சுமார் 2 மைல் தூரத்தில் 1,300 அடி இறக்கம். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக்குதான் அந்த வண்டிகளில் இருந்தது. அடிவாரம் சேர்வதற்குள் சக்கரக் குடத்திலுள்ள கிரீஸ் முழுவதும் புகையாய்ப் போய்விடும்; மறுபடி பிரித்துக் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் அப்பந்தயத்திற்கு ‘ரீபேக்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அச்சுப்பெட்டி சூடேறிப் புகைவது இன்னதென்று அறிந்த நம் கேரேஜ் அன்பர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள்!

ஜோ பிரீஸ் என்பவர் 1977-ல் இதற்கென்றே ஒரு சட்டம் கட்டினார். கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, டாம் ரிச்சி முதலானோர் அதைத் தொழிலாக வளர்த்தனர். 1990-ல் டுராங்கோ நகரில் உலகப் போட்டி நடந்தது. 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கிலேயே இடம் கிடைத்தது. அவ்வாண்டு ஆடவரில் ஹாலந்து நாட்டு பார்ட் பிரென்ட்ஜென்ஸும், மகளிரில் இத்தாலி நாட்டு பாவ்லா பெட்ஸோவும் தங்கம் பெற்றனர். தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறோம். ஒலிம்பிக்கில் நுழைந்த அதே ஆண்டிலேயே பெண்களுக்கும் போட்டி இருந்தது. ஆண்கள் முதலில், பெண்கள் பிறகு என்னும் கதை இங்கே இல்லை.

அமெரிக்காவை விடுவோம், நம் வாசலுக்கு வருவோம். 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 26 முதல் 29 வரை ஆசிய மலைச் சைக்கிள் போட்டி நடந்தது நம் பொன்முடியில்தான்! தம்பானூரிலிருந்து நெடுமங்காடு, விதுரை, கல்லாறு வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர். கல்லாறு கடந்தால் 22 கொண்டை ஊசி வளைவுகள். உச்சி சுமார் 3,600 அடி உயரம். அங்குள்ள மெர்கிஸ்டன் தேயிலைத் தோட்டத்தின் சரிவுகளிலே தடம் வெட்டிப் போட்டி நடத்தினார்கள். 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிற்குத் தகுதி காணும் போட்டியாகவும் அது விளங்கிற்று. அகத்திய மாமுனிவர் அமர்ந்த மலை என்று நாம் போற்றும் அகத்தியர்கூடத்திற்கு வெகு அருகில், சீனர், ஜப்பானியர், கசாக்கியர் முதலிய பல நாட்டு இளைஞர்கள் சேறு பூசிய முகத்தோடு மிதித்துச் சென்றார்கள். நம் பிள்ளைகளுக்கு ஆசை அங்கேதான் வித்தூன்றியது. கேரளத்து மண்ணில் கண்ணுக்கெதிரே நடந்ததைப் பார்த்துவிட்டு, ‘நமக்கு வேண்டாம்’ என்று எந்தப் பிள்ளை திரும்பிவரும்?

நிற்க. இவ்விளையாட்டில் கடினமான பகுதி எது என்றால், ஒற்றையடிப் பாதைதான். இரண்டு கை அகலம்கூடச் சில இடங்களில் இராது. ஒருவர் பின் ஒருவராகத்தான் போகவேண்டும். நமக்கோ ஒற்றைப் பாதை என்றவுடன் இருப்புப் பாதைதான் நினைவு வருகிறது. 1979-ல் நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குப் பாதை திறந்தபோது அதுவும் ஒற்றைப் பாதையே. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரு வண்டிகள் வந்துவிடாமல் இருப்பதற்காகவே நம் முன்னோர் டோக்கன் பந்து வைத்தார்கள். அந்தப் பந்து டிரைவர் கைக்கு வந்தாலன்றி வண்டி நகராது. ஒரு பந்து வெளியே இருக்கையில் கருவி இரண்டாம் பந்தைத் தராது. மலைப்பாதையில் பந்தும் இல்லை, கைகாட்டியும் இல்லை. அதற்குப் பதிலாக உலகெங்கும் ஒரு முறைமை வைத்திருக்கிறார்கள். இறங்குகிறவன் ஏறுகிறவனுக்கு வழிவிடவேண்டும். சைக்கிள்காரன் நடப்பவருக்கு வழிவிடவேண்டும். ஏறுகிறவன் ஒருமுறை நின்றால் மீண்டும் புறப்படுவது அரிது, அதனால்தான் முதல் விதி. இரண்டாவதன் காரணத்தைச் சொல்லவும் வேண்டுமோ?

பந்தயத்தில்கூட இந்த நெருக்கடிக்கு ஒரு விதி உண்டு. முன்னோடியின் முதற் சுற்று நேரத்தில் எண்பது விழுக்காட்டளவு பின்தங்கிவிட்டவரை நடுவர்கள் அந்தச் சுற்றோடு நிறுத்திவிடுவார்கள். இல்லாவிட்டால் முன்னே வருபவன் ஒரு சுற்று கூடுதலாக ஓடி, குறுகிய தடத்தில் இவன் முதுகில் வந்து முட்டுவான். கொடுமை என்று தோன்றலாம். எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டுக் கூட்ஸ் வண்டியை லூப் லைனில் ஒதுக்குகிற நமக்கு இதன் நியாயம் விளங்கும்.

ஏற்றத்தைப் பற்றிச் சொல்வோம். நம் நாட்டு ரயில் பாதைகளில் மிகச் செங்குத்தானது நீலகிரி மலைப்பாதை. சுமார் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். அங்கே வழவழப்பான தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும் என்பதால் நடுவே பற்சட்டம் வைத்திருக்கிறார்கள். மலைச் சைக்கிள் போகிற சில ஏற்றங்கள் ஐந்தடிக்கு ஓர் அடி! பற்சட்டமும் இல்லை. ஓட்டுபவனின் உடலே பற்சட்டம். அவன் இருக்கையின் நுனியில் முன்தள்ளி அமர்ந்து, மார்பைக் கைப்பிடி அருகே தாழ்த்தவேண்டும். மிகவும் முன்னே சாய்ந்தால் பின்சக்கரம் பிடிப்பற்று வீணே சுழலும். பின்னே சாய்ந்தால் முன்சக்கரம் தூக்கிக்கொள்ளும். இவ்விரண்டுக்கும் நடுவே நான்கு விரற்கடை இடம் உண்டு. அதில் நின்றுகொண்டு, இலேசான கியரில், ஒரே சீராக மிதிக்கவேண்டும். வெட்டி வெட்டி மிதித்தால், மணல் போடாத எஞ்சின் ஈரத் தண்டவாளத்தில் திணறுவதுபோல ஆகிவிடும்.

இறக்கம் அதனினும் அரிது. காட் செக்‌ஷனில் பிரேக் போன வண்டியைத் தாங்கிக்கொள்ளக் கேட்ச் சைடிங் அமைத்திருக்கிறோம். இங்கே கேட்ச் சைடிங் என்பது முள்ளுப் புதர்தான். உட்கார்ந்தபடி இறங்கக்கூடாது, இரு பெடல்களையும் சமமட்டத்தில் வைத்து, எழுந்து நின்று, முழங்காலையும் முழங்கையையும் மடக்கி, இடுப்பைச் சற்றுப் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும். இதற்காகவே இருக்கையை முன்னதாகத் தாழ்த்திக்கொள்வர். குதிரைமேல் எழுந்து நிற்கும் சேவகனைப்போல என்று பிள்ளைகளுக்கு நாம் சொன்னோம். அவர்கள் குதிரையைப் பார்த்ததில்லை என்றார்கள்! முன் பிரேக்கே வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு வகிக்கிறது. ஆயினும் அதை வெடுக்கென்று பிடித்தால் ஆள் கைப்பிடிக்கு மேலே பறப்பான். ஒரு விரலால், மெல்ல மெல்ல அழுத்தவேண்டும். வளைவுக்கு முன்னே வேகத்தைக் குறைக்கவேண்டும். வளைவுக்குள்ளே போன பின் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் வழுக்கும். வேகத்தடைப் பலகை வளைவுக்கு முன்னே நடப்பட்டிருப்பது ஏன் என்பதை டிரைவர் அன்பர்கள் அறிவார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய வித்தை கண்ணில் இருக்கிறது. எதைப் பார்க்கிறோமோ அதன்மேலேயே வண்டி போய்விடும். மரத்தைப் பார்த்தால் மரத்தில் மோதுவோம். மரத்துக்குப் பக்கத்து வழியைப் பார்த்தால் வழியே போவோம். காலடிக் கல்லைப் பார்க்காமல் பத்துப் பதினைந்து அடி முன்னே பார்த்துக்கொண்டே போகவேண்டும். சொல்வது எளிது. நாற்பதைத் தாண்டிய நாங்கள் மூவர், பிள்ளைகளுக்குத் துணையாக, உரியவரின் அனுமதி பெற்று ஒரு ரப்பர்த் தோட்டத்துக் காலடிப் பாதையில் இதைச் செய்து பார்த்தோம். விடியலில் பால்வெட்டு முடிந்து சிரட்டைகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. சரிவின் நடுவே ஒரு மரத்தின் வேர் பாதைக்குக் குறுக்கே பாம்புபோல் கிடந்தது. ஈர வேரைச் சாய்வாகக் கடந்தால் சக்கரம் அதன் போக்கிலேயே வழுக்கிவிடும், நேர்குறுக்கே கடக்கவேண்டும். பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, நம் காலனிப் பிள்ளைதான், நமக்கு முன்னே சென்று, முன்சக்கரத்தைச் சிறிது இலேசாக்கி, அந்த வேரைக் கடந்து, அடியில் நின்று, ‘மாமா, வேரைப் பார்க்காதீர்கள், என்னைப் பாருங்கள்!’ என்று கூவினாள். அவளைப் பார்த்தபடியே நாங்கள் மூவரும் இறங்கினோம். இறங்கிய பின் மூவருடைய முழங்காலும் நடுங்கிற்று. உள்ளமோ, சொன்னால் நகைப்பீர்கள், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையின் உள்ளம்போல் இருந்தது.

அந்தப் பெண்ணைத்தான் இனி அனுப்பலாகாது என்று சிலர் கூறுகின்றனர்.

இப்பொழுது விழுந்த பையனின் செய்திக்கு வருகிறோம். அவன் ஏன் விழுந்தான்? இடவப்பாதி மழை ஓய்ந்து இரண்டே நாள். இந்நாட்டுச் செம்மண் காய்ந்திருந்தால் பிடிக்கும். நனைந்தால் எண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடும். வெட்டுக்கல் பாறைமேல் பாசி வேறு. அன்று அவனோடு பெரியவர் எவரும் செல்லவில்லை. அவன் ஏறிய வண்டியோ மலைச் சைக்கிளின் தோற்றம் மட்டும் கொண்டது. கடையில் பத்துப் பதினைந்தாயிரத்துக்குக் கிடைக்கும் இவ்வகை வண்டிகளில் பருத்த டயரும், முன்புறம் ஒரு சுருள்வில்லும் இருக்கும், பார்வைக்கு வீரவண்டிதான். அவ்வில்லோ அழகுக்கு வைத்தது. கல்லில் இடித்தால் துள்ளுமேயன்றி அதிர்ச்சியை விழுங்காது. கரடான பாதைக்கு ஏற்றதல்ல என்று சில கம்பெனிகள் தம் குறிப்பேட்டிலேயே அச்சிட்டிருப்பதை நாம் படித்தோம். விழும்போது அவன் கையை நீட்டி ஊன்றினான். நீட்டிய கையின் அடி தோள்வரை ஏறிக் காறை எலும்பை முறிக்கிறது. சைக்கிளில் விழுவோருக்கு அடிக்கடி முறிவது இவ்வெலும்பே. தலையில் கவசம் இருந்தது. அக்கவசத்தில் ஒரு விரிசல் விட்டிருந்ததை அவன் தந்தையார் நமக்குக் காட்டினார். அந்த விரிசல் கவசத்தோடு நின்றது. கவசத்தை அன்றே தூர எறியச் சொன்னோம். ஒருமுறை அடிபட்ட கவசம் மறுமுறை காவாது.

ஆக, ஈரம், துணையின்மை, தகாத வண்டி என்னும் மூன்றும் சேர்ந்தன. ரயில்வேயில் ஒரு விபத்து நடந்தால் பாதையைப் பெயர்த்து எறிந்துவிடுவதில்லை. விசாரணை வைக்கிறோம், காரணத்தைக் கண்டு விதியைத் திருத்துகிறோம், அடுத்த நாள் வண்டி ஓடுகிறது. அந்தத் தாயார் நம்மிடம், ‘அண்ணாச்சி, உங்கள் பிள்ளைக்கு முறிந்திருந்தால் இப்படிப் பேசுவீர்களா?’ என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம் மகனும் அந்த எட்டுப் பேரில் ஒருவன் என்பதைத் தவிர வேறு மறுமொழி நம்மிடம் இல்லை. அவன் காலை புறப்பட்டால் பகல் திரும்பும்வரை அவன் அன்னை தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதையும் இங்கே மறைக்க விரும்பவில்லை.

வேறொரு செய்தியும் உண்டு. அது எலும்பைப் பற்றியதன்று. மரின் மாவட்டத்தில் சைக்கிள்காரர் பெருகப் பெருக, நடப்போருக்கும் குதிரையேறுவோருக்கும் அவர்களுக்கும் சண்டை மூண்டது. 1980-களில் அங்கே பெரும்பாலான ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிளுக்குத் தடையே விதித்துவிட்டார்கள். விளையாட்டு பிறந்த ஊரிலேயே அதற்கு இடமில்லை என்றாயிற்று! அதன் பின்னரே, 1988-ல், ஓட்டுபவர்கள் ஒரு சங்கம் கூட்டித் தமக்குத் தாமே ஒழுங்கு வகுத்துக்கொண்டனர். நம் மலைகளில் இது இன்னும் நுண்ணிய செய்தி. தேயிலைத் தோட்டத்தில் காலடிப் பாதை விளையாடுவதற்காக வெட்டப்பட்டதன்று. கொழுந்து மூட்டையைத் தலையில் சுமந்து பெண்கள் நடந்து நடந்து உண்டான பாதை அது. தென்மலைத் தோட்டங்களில் அப்பெண்களில் எத்தனை பேர் நம் நெல்லைச் சீமையிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் வந்த குடும்பத்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். பாட்டி காலத்தில் மலையேறிய குடும்பங்கள். அவர்கள் எதிரே வந்தால் நம் பிள்ளை சைக்கிளை விட்டிறங்கி, ஓரம் ஒதுங்கி நிற்கவேண்டும். மணியடித்து விலகச் சொல்லலாகாது. இதை நாம் கண்டிப்பாகவே சொல்லியிருக்கிறோம்.

பாதையைக் கெடுக்காமல் ஓட்டுவதும் கற்கவேண்டிய ஒன்று. பின்சக்கரத்தைப் பூட்டி இழுத்துச் சறுக்கினால் பார்ப்பவர் கைதட்டுவர். மண்ணில் ஒரு சால் விழும். அடுத்த மழைக்கு அச்சால் வாய்க்கால், அதற்கடுத்த மழைக்கு ஓடை. இருப்புப் பாதைக்குப் பகை தண்ணீர் என்பதால் மலைச்சரிவில் மேலேயே வடிகால் வெட்டி நீரைத் திருப்பிவிடுகிறோம் அல்லவா? நல்ல சைக்கிள் தடமும் அப்படியே. சரிவை நேரே இறங்காமல் குறுக்காகச் செல்லும். பள்ளத்துப் பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். நீர் தங்காமல் ஓரத்தில் வழிந்துவிடும். சரிவு எவ்வளவு செங்குத்தோ அதில் பாதிக்குமேல் தடம் செங்குத்தாக இருக்கலாகாது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் எஞ்சினியரிங் பகுதி அன்பர்கள் ஒரு நாள் வந்து பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தந்தால் பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட நன்றாய் ஏறும்.

காட்டைப் பற்றி ஒரு சொல். பொன்முடியைச் சூழ்ந்திருப்பது பெரும்பாலும் அரசுக் காடு. யானை நடமாட்டம் உண்டு. வனத்துறையின் அனுமதியின்றி அங்கே சைக்கிளைத் திருப்பலாகாது. மழை நாளில் அட்டை கணுக்காலிலிருந்து காதுவரை ஏறும். ஆனால் அட்டைக்கு அஞ்சி எந்தப் பிள்ளையும் நின்றதாக நாம் பார்த்ததில்லை, பெரியவர்கள்தாம் குதிக்கிறோம்.

பாரிஸ் ஒலிம்பிக்கைச் சொல்லாமல் போனால் இளைஞர்கள் நம்மை விடமாட்டார்கள். 2024 ஜூலை 29 அன்று எலான்கூர் குன்றில் நடந்த ஆடவர் பந்தயத்தில் இங்கிலாந்தின் டாம் பிட்காக் முன்னே ஓடிக்கொண்டிருக்கையில் முன்சக்கரத்தில் காற்றிறங்கிவிட்டது. மாற்றுச் சக்கரம் பூட்டுவதற்குள் அரை நிமிடத்துக்கும் மேல் போயிற்று. பதறவில்லை. சுற்றுக்குச் சுற்று ஒவ்வொருவராகத் தாண்டிக் கடைசிச் சுற்றில் பிரெஞ்சு வீரரை முந்தித் தங்கம் பெற்றார். முந்தைய நாள் மகளிர் பந்தயத்தில் பிரான்சின் பாலின் ஃபெராங்-ப்ரேவோ தம் நாட்டு மக்கள் முன்னிலையில் வென்றார். நம் காலனிப் பெண்கள் இருவரும் அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தார்கள் என்று அவர்கள் வீட்டாரைக் கேளுங்கள்.

செயற்குழு அன்பர்களுக்கு நமது விண்ணப்பம் இது. தடை வேண்டாம். ஆணுக்கொரு விதி, பெண்ணுக்கொரு விதியும் வேண்டாம். மழை பெய்து மூன்று நாள் கழியாமல் மேட்டுப் பாதைக்குப் போவதில்லை; எட்டுப் பேருக்கு இரு பெரியவர் துணையின்றிப் போவதில்லை; உரியவரின் எழுத்து அனுமதி கையில் இல்லாமல் எவர் நிலத்திலும் இறங்குவதில்லை. தலைக்கவசம், முழங்கால், முழங்கைக் காப்பு இன்றி எவரும் ஏறுவதில்லை. இவற்றைச் சங்கத்தின் விதியாக எழுதிக்கொள்வோம். எட்டுப் பேருக்கும் தனித்தனியே நல்ல மலைச் சைக்கிள் வாங்க நம் குடும்பங்களால் இயலாது. விளையாட்டு நிதியிலிருந்து பழையதாயினும் தரமான வண்டிகள் இரண்டு வாங்கி, முறைவைத்து ஓட்டச் செய்யலாம். சென்ற ஆண்டு மேடை அலங்காரத்துக்கு ஆன செலவைவிட இது மிகக் கூடுதலாக இராது என்பதைப் பொருளாளர் அவர்கள் நகைத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள்.

காறை எலும்பு கூடிய பையன் இப்போது காலனி மைதானத்தில் செங்கல் வரிசைகளுக்கிடையே மெதுவாகப் பழகிவருகிறான். மருத்துவர் இசைவு தந்துவிட்டார். அன்னையார் இன்னும் தரவில்லை. அவர்கள் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் அவர்களோடு பேசுவோம். பெற்றோர் யாரேனும் ஒரு ஞாயிறு எங்களோடு வந்து நேரில் பார்க்க விரும்பினால், காலை 5 மணிக்குக் காலனி வாயிலில் வேன் நிற்கும், கட்டுச்சோறு கொண்டுவரவும். தலைக்கவச அளவு எடுப்பதற்கு நாடா நம்மிடமே இருக்கிறது.